சிவப்பு விளக்கு அணையாத ரேடியோ

என் பெயர் சிவக்கொழுந்து. கள்ளக்குறிச்சியில் எலெக்ட்ரானிக்ஸ் கற்பிக்கிறேன். லித்தியம் பேட்டரிக்கு சார்ஜர் சிப் தேர்ந்தெடுப்போரை எச்சரிக்கவே இப்பதிவு.

வெள்ளிமலைப் பள்ளிக்கு ஆசிரியையாக மாற்றலாகிப் போன மனைவிக்கு ஒரு ரேடியோ செய்து கொடுத்திருந்தேன். இன்று மாலை அழைத்தாள்.

“இன்னாங்க, செவப்பு லைட்டு பச்சையாவவே மாட்டேங்குது. எந்நேரமும் சார்ஜ்லயே கெடக்குது.”

“சார்ஜ் ஏறும்போது ரேடியோ பாடக் கூடாதுன்னு சொன்னேனே?”

“நிறுத்தினா வூடே கம்முனு ஆயிடுது. உங்க ரூல்ஸ் கூடவா பேசிக்கினு இருக்க முடியும்?”



பேட்டரி நிறையும்போது மின்னோட்டம் குறையும். அதைக் கண்டே சிப் சார்ஜை நிறுத்தும். ரேடியோ பாடினால் மின்னோட்டம் குறைவதில்லை, சிப்பும் ஓய்வதில்லை. ரேடியோவுக்குத் தனி மின்வழி தரும் சிப்பைத் தேர்ந்திருக்க வேண்டும். தனியாக இருப்பவர் ரேடியோவை நிறுத்தமாட்டார் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இத்தனைக்கும், இங்கே என் வீட்டில் தொலைக்காட்சி காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

“புது சிப்ப பஸ் கண்டக்டர் கிட்ட குடுத்தனுப்புங்க, போதும்” என்றாள்.

இதைவிடச் சிறந்த தீர்வு தெரிந்தவர்கள் இன்றே எழுதவும். சிப்பை ஈயத்தால் பற்றவைத்து சாலிடர் செய்ய ஆள் வேண்டும் என்ற தொழில்நுட்பக் காரணத்தால், நாளைக் காலைப் பேருந்தில் நானே மலையேறுகிறேன்.