பதினாலாம் கூண்டில் பாட்டிலை மாட்டிய முனியசாமி அண்ணன்

முனியசாமி அண்ணன் இறந்துவிட்டார். முதுகுளத்தூரிலிருந்து அவர் மனைவி போன் செய்தார்.

குடியை நிறுத்த ஏதோ ஒரு சென்டரில் சேர்த்திருக்கிறார்கள். டாக்டர் இல்லை, மருந்து இல்லை, அறையில் போட்டுப் பூட்டியதோடு சரி. மூன்றாம் நாள் ஃபிட்ஸ் வந்து...

மதுரையில் நான் பிஎச்டி செய்த லேபில் எலிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். குடிக்குப் பழக்கிய எலிகள். தலையில் எலக்ட்ரோடு பொருத்தி, குடியை நிறுத்தினால் மூளை என்ன பாடுபடுகிறது, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்ப்பது என் வேலை.

நான் புதுமடம், அவருக்கும் அதே ஜில்லா என்றதும் ஊர்க்காரப் பிள்ளை ஆகிவிட்டேன். "பாய் வீட்டுப் புள்ள எலிக்குச் சாராயம் ஊத்துறது வாப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

அவரும் குடிப்பார். லேபில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை, நானும்தான்.

பதினாலாம் கூண்டு எலிக்குச் சாராயத்தை நிறுத்தியிருந்தோம். மருந்து கொடுக்காமல் பார்க்கும் குரூப். மறுநாள் காலை போனால் பாட்டில் திரும்ப மாட்டியிருக்கிறது. ஆறு மாத டேட்டா போச்சு.

கத்தினேன். ராத்திரி தான்தான் மாட்டியதாகச் சொன்னார் அண்ணன்.

"வெட்டி வெட்டி இழுத்துச்சு பாப்பா. படக்குன்னு நிறுத்துனா செத்துப்போகும். எங்க அய்யா அப்படித்தான் போனாரு."

அதையேதான் நான் இங்கிலீஷில் தீசிஸாக எழுதிக்கொண்டிருந்தேன். இருந்தும் கைடுக்கு மெயில் போட்டேன். கான்ட்ராக்ட் ஆள்தானே... அடுத்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

போன மாதம் அவரே கூப்பிட்டார். பழசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"குடிய விடணும் பாப்பா. எலிக்குக் குடுப்பியே, அந்த மாதிரி மருந்து மனுசனுக்கு இங்கன எங்க கிடைக்கும்?"

மீட்டிங்கில் இருந்தேன். ஏதாவது சென்டரில் சேருங்கண்ணே, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் பேசவில்லை. டாக்டர் இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எனக்குத் தெரியாத விஷயமா அது? அதில்தான் எனக்கு டாக்டர் பட்டமே கொடுத்திருக்கிறார்கள்.

தயவுசெய்து யாரும் கமெண்டில் "குடிச்சே செத்தான்" என்று எழுதாதீர்கள். குடியை விடப் போன இடத்தில் செத்தார்.

அண்ணே, அந்தப் பதினாலாம் எலி பிழைத்துக்கொண்டது. உங்களிடம் சொல்லவே இல்லை.

போய் வாருங்கள்.