காருக்குள் வந்த கொள்ளு வாசனை

எங்கள் கார் திடீரென்று பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கத் தொடங்கியது. "கிளட்ச் மேலயே காலை வெச்சுக்கிட்டு ஓட்டற, வேறென்ன" என்று என் கணவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. டயரில் காற்றைச் சரிபார்த்தேன். டிக்கியில் கிடந்த மூட்டையை இறக்கினேன். ஏ.சி. போடாமல் வேர்க்க விறுவிறுக்க ஓட்டியும் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

ஒரு நாள் காரிமங்கலத்திலிருந்து தருமபுரிக்குப் போகும் வழியில், காருக்குள் கொள்ளு வறுக்கிற வாசனை வந்தது. ஓரங்கட்டி இறங்கிக் குனிந்து பார்த்தேன். சைலன்சரில் சிக்கியிருந்த கொள்ளுச் செடி புகைந்துகொண்டிருந்தது. பாட்டில் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். கணவருக்குப் போன் செய்துவிட்டு, நேராக ஒர்க்ஷாப்புக்கு விட்டேன்.

கணவரும் ஒர்க்ஷாப்புக்கு வந்தார். மெக்கானிக் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்ட, தூசியும் சருகுமாகக் கொட்டியது.

"இது அடைச்சிருந்தா பெட்ரோல் குடிக்காம என்னங்க பண்ணும்? சக்கரத்துலயும் கொடி சுத்திக்கிட்டு இழுக்குது. இந்தக் கார்லயா செடி அடிச்சீங்க?"

எங்கள் பக்கம் அறுத்த கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறிக் காய் உடையும்; தடியால் அடிக்கிற வேலை மிச்சம். ஆனால் நான் அதன்மேல் ஏற்றியதே இல்லை. கணவரைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார்.

"தம்பி கேட்டான். நாலஞ்சு நாள் முன்னயும் பின்னயும் ஓட்டிக் குடுத்தேன்" என்றார்.

இப்போதெல்லாம் செடி பரப்பிய ரோட்டைக் கண்டால் சுற்றுவழியில் போகிறேன். அறுவடை முடியும்வரை கார் சாவி என்னிடம்தான். இந்த முறையும் கொழுந்தனார் கேட்டு வந்தார். கணவர் கையில் ஒரு தடியைக் கொடுத்து அனுப்பினேன்.

"இதுல கிளட்ச் இல்லீங்க. தாராளமா அடிங்க."