கஜுக்கொட்டைப் பையும் இரண்டு வாக்குமூலங்களும்

எங்கள் சிறுவயதுக் கஷ்டத்தை அக்காவிடம் தனியாகவும் என்னிடம் தனியாகவும் கேட்டுப் பதிவு செய்துகொண்டு போனாள் ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை. ஏறாவூர்ப் பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. ஒரே வீட்டில் ஒரே வருஷத்தில் ஒரே கஷ்டத்தைப் பட்ட இரண்டு பேர் அதை எப்படி எப்படிச் சொல்கிறார்கள், அது இன்றுவரை அவர்களை என்ன செய்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வாம். பெயர் வராது, ஊர் வராது, 'மூத்தவர்', 'இளையவர்' என்றுதான் வரும் என்றாள். பெயர் வராது என்றதும் என் வாய்க்குப் பூட்டில்லாமல் போய்விட்டது. இருபது வருஷமாகக் கணக்குப் படிப்பிக்கிறவள் நான். ஒருவர் கொட்டாவி விடாமல் நான் சொல்வதைக் கேட்பது எனக்குப் புதுமை. கல்லடியில் என் வீட்டு விறாந்தையில் இருந்து இரண்டரை மணித்தியாலம் பேசினேன்.

இரண்டு மாதம் கழித்து இரண்டு கட்டுத் தாள்களோடு திரும்பி வந்தாள்.

"டீச்சர், இதில நீங்க கையெழுத்து வைக்க வேணும். நாளைக்கு மாங்கேணிக்குப் போய் அக்காட்டையும் வாங்கப் போறன். ரெண்டு பேரும் ரெண்டையும் வாசிக்க வேணும்."

"ரெண்டையும் எண்டா?"

"நீங்க சொன்னத அவங்களும், அவங்க சொன்னத நீங்களும்."

குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீர் எனக்குப் புரைக்கேறிவிட்டது. அந்தப் பிள்ளை எழுந்து என் தலையில் தட்டினாள். தட்டினால் இறங்குகிற விஷயமா அது! என் தாள்கட்டில் பதினோராம் பக்கம் என்று ஒன்று இருந்தது. அதை அக்கா வாசித்தால் முப்பத்தைந்து வருஷமாக நான் காத்து வைத்த மானம் போய்விடும்.

பதினோராம் பக்கத்தில் என்ன இருந்தது என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அப்போது சண்டைக் காலம், எங்கள் வீடு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். அப்பா இல்லை, அம்மா, அக்கா, நான். அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்து. ஓட வேண்டி வரும் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், எந்த நாள் என்பதுதான் தெரியாது. அதனால் வீட்டுக்கு வீடு கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்கும். பிறப்புப் பதிவு, காணி உறுதி, கூப்பன் அட்டை, பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை எல்லாம் அதற்குள் இருக்கும். எங்கள் பையை அம்மா கோதுமை மாச் சாக்குத் துணியில் தைத்திருந்தார். துணி மிச்சம் வரவே அதே அளவில் எனக்கும் ஒன்று தைத்துத் தந்தார். அம்மா விட்ட ஒரே பிழை அதுதான்.

என் பைக்குள் இருந்தது கஜுக்கொட்டை, ஓடு உடைக்காத முந்திரிக்கொட்டை. கொட்டைகளை வரிசையாக வைத்து, தூரத்தில் நின்று ஒரு பெரிய கொட்டையால் அடித்து விழுத்துகிற விளையாட்டில் ஊரில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. என்னைவிட இரண்டு மடங்கு உயரமான பொடியன்மாரையெல்லாம் அழவைத்துச் சேர்த்த சொத்து. ஓடும்போது ஆளுக்கு ஒரு சாமான்தான் என்பது அம்மாவின் சட்டம். அம்மாவுக்கு அரிசி, அக்காவுக்குப் பை, எனக்கு அரிக்கன் லாம்பு. கொட்டைக்கு இடமில்லை என்றுவிட்டார்.

நான் நன்றாக யோசித்துத்தான் செய்தேன். கடதாசியை ஆரும் திருப்பி எழுதித் தரலாம், வென்ற கொட்டையை ஆர் திருப்பித் தருவார்? முக்காலியைப் போட்டு ஏறி, ஆணியில் தொங்கிய பையைக் கழற்றிவிட்டு என் பையை அதில் மாட்டினேன். பத்திரப் பையை என் பாய்க்குள் சுருட்டி வைத்தேன். அடுத்த நாள் மத்தியானம், சோறு அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்போது, ஊர் ஓடத் தொடங்கியது.

வாவியைத் தோணியில் கடந்து இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒதுங்கினோம். அங்கே பெயர் பதிய வந்தவரின் மேசையில் அம்மா பையைக் கவிழ்த்தார். கொட்டைகள் நாலாபக்கமும் உருண்டன. ஒன்று அவருடைய தேத்தண்ணீர்க் கோப்பைக்குள்ளேயே விழுந்தது.

"பை மாறி எடுத்திட்டியேடி! உனக்குக் கண் பொட்டையா?" என்று அம்மா அத்தனை சனத்துக்கு நடுவில் அக்காவை அடித்தார். அக்கா வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. கீழே குனிந்து கொட்டை பொறுக்கினேன்.

வீடு எரிந்துபோனது, என் பாயும் அதற்குள் இருந்ததும் சேர்த்து. பிறப்புப் பதிவு இல்லாமல் அடையாள அட்டை எடுக்க முடியவில்லை. அடையாள அட்டை இல்லாமல் அக்கா அந்த வருஷம் பள்ளிக்கூடம் முடிக்கிற சாதாரண தரச் சோதனை எழுதவில்லை. பிறகும் எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கொடுக்க வீடு இல்லாதபடியால் எங்கள் அக்காதான் மாப்பிள்ளை வீட்டுக்கு, மாங்கேணிக்குப் போனாள். எனக்கு மட்டும் காலம் பொறுமையாகக் காத்திருந்தது. புதுப் பதிவு வந்தது, சோதனை வந்தது, ஆசிரியர் வேலையும் வந்தது.

'அக்கா பை மாறி எடுத்த கதை' எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாண வீட்டிலும் ஒருமுறை சொல்லப்படும். எல்லாரும் சிரிப்பார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள் நான். உள்ளே உறுத்தும், அதனால் இன்னும் சத்தமாகச் சிரிப்பேன். பதிவு செய்ய வந்த பிள்ளையிடம் எப்படியோ எல்லாவற்றையும் கக்கிவிட்டேன்.

"இந்தப் பக்கத்த வெட்டலாமா மகள்?" என்று மெல்லக் கேட்டேன்.

"வெட்டலாம் டீச்சர், உங்கட விருப்பம். ஆனா அக்கா சொன்னத வாசிச்சிட்டு முடிவெடுங்க."

"சரி. நீங்க மாங்கேணிக்கு அலைய வேணாம். நானே கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வாறன்."

அந்தப் பிள்ளை எனக்கு நன்றி வேறு சொன்னாள். மாங்கேணியில் கடற்காற்றுக்கு என்ன குறைச்சல்? பதினோராம் பக்கம் பறந்துபோய்விட்டது என்று சொன்னால் முடிந்தது. இப்படி ஒரு திட்டத்தோடுதான் அக்காவின் கட்டை வாசிக்க எடுத்தேன்.

முதலில் என் கண்ணில் பட்டது அடைப்புக்குறிகள். என்னுடையதில் பக்கத்துக்கு மூன்று இடத்தில் '(சிரிக்கிறார்)'. அக்காவுடையதில் '(பேசாமல் இருக்கிறார்)'. இரண்டு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் சொன்ன பள்ளிக்கூடத்தில் கஜுக்கொட்டை சுட்டுத் தின்றோம். ஓட்டுப் பால் பட்டு எல்லாப் பிள்ளைகளின் உதடும் வெந்து, ஊரே வாயைக் குவித்துக்கொண்டு திரிந்தது. அக்கா சொன்ன பள்ளிக்கூடத்தில் கிணற்றடியில் வரிசை இருந்தது, பெண்கள் வெளிக்குப் போவதற்கு மறைப்பு இருக்கவில்லை. இரண்டும் ஒரே பள்ளிக்கூடம்தான். என்னுடைய ஓட்டத்தில் முன்வீட்டுக்காரருடைய மாடு வருகிறது. அவிழ்க்க மறந்துபோனோமே என்று அவர் திரும்பிப் போக, மாடு தானே கயிற்றை அறுத்துக்கொண்டு வாவியை நீந்தி மூன்றாம் நாள் எங்களிடம் வந்து சேர்ந்தது. இதைச் சொல்லி அந்தப் பிள்ளையைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அக்கா மாட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "முன்வீட்டு மாமா கிறுகிப் போனவர், வரல்ல" என்று மட்டும் சொல்லியிருந்தாள். நான் மாட்டோடு கதையை நிறுத்தியிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குப் பட்டது.

அந்தக் கஷ்டம் உங்களை இன்றைக்கும் பாதிக்கிறதா என்ற கேள்விக்கு நான் அக்காவைப் பற்றித்தான் கோள் சொல்லியிருந்தேன். "எனக்கு ஒண்டுமில்ல. அக்காக்குத்தான் பைப் பைத்தியம். எங்க வெளிக்கிட்டாலும் எண்ட கைப்பையத் திறந்து என்ன கிடக்கு எண்டு பாத்திட்டுத்தான் படலையத் தாண்ட விடுவா." இதே கேள்விக்கு அக்கா: "எனக்கு ஒரு பாதிப்புமில்ல மகள். தங்கச்சிதான் பாவம். நான் எதக் கேட்டாலும் மாட்டன் எண்டு சொல்ல அவக்கு வாய் வராது. தையல் மெசினக் கேட்டன், தந்தா. பஸ்ஸில ஜன்னல் பக்கம் எப்பவும் எனக்குத்தான். குத்தமுள்ள மனசு. அதான் நானும் கேட்டுக் கேட்டு வாங்கிறன்."

குத்தமுள்ள மனசா? இவளுக்கு என்ன தெரியும்? பக்கத்தைப் புரட்டினேன். அங்கே அக்கா பையைப் பற்றிச் சொல்லியிருந்தாள்.

"ஆணியில இருந்து பைய எடுக்கக்குள்ளயே கொட்டை கலகல எண்டுது. கடதாசி கலகலக்குமா? கதவடியில முக்காலி கிடந்தது. எனக்கு ஆணி எட்டும், முக்காலி வேண்டாம். அப்ப ஆரு ஏறினது? அம்மாட்டச் சொன்னா அம்மா வீட்டுக்குள்ள மறுகா ஓடியிருப்பா. இல்லாட்டி வழியில நிண்டு அவளப் போட்டு அடிச்சிருப்பா. நேரமில்ல. முன்வீட்டு மாமா அப்பதான் கிறுகிப் போறார். நான் பைய நெஞ்சோட சேத்து இறுக்கிப் பிடிச்சிட்டன், அம்மாக்குச் சத்தம் கேக்கப்படாதெண்டு. தோணியில ஒரு கையும் விடல்ல. கைரெண்டும் மரத்துப் போச்சு."

தோணியில் அக்கா பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்ததை நானும் சொல்லியிருந்தேன். பெரிய புதையலைக் காப்பது போல அக்கா என் கொட்டையைக் கட்டிப்பிடித்திருக்க, எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை என்று. '(சிரிக்கிறார்)'.

அக்காவின் தாள்கட்டில் அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. "தங்கச்சி இத வாசிக்கட்டும். அவக்கும் வயசு போகுது, இன்னும் எத்தின நாளைக்குத்தான் ஒளிச்சுக்கொண்டு திரியிறது." அந்த இடத்தில்தான், அக்காவின் கட்டு முழுவதிலும் ஒரே ஒரு தடவை, '(சிரிக்கிறார்)' என்று இருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். முப்பத்தைந்து வருஷம் தெரிந்துகொண்டே என்னிடம் தையல் மெசினும் ஜன்னலும் பறித்திருக்கிறாள், கள்ளி! கோபம் போய் முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் பதினோராம் பக்கத்தை எடுக்காமலே கட்டோடு பஸ் ஏறினேன்.

மாங்கேணியில் அக்கா முற்றத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டு நின்றாள். கதவுக்குப் பின்னால் பை தொங்கியது. இப்போது அது நல்ல தோல் பை. கல்லடிக்கு வந்து என்னோடு ஒரு கிழமை நிற்கப் போவதாக முன்பே சொல்லியிருந்தாள், உடுப்பெல்லாம் கட்டி வைத்திருந்தாள். வழக்கம்போல என் கைப்பையை வாங்கித் திறந்தாள். தாள்களைக் கண்டதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திண்ணென்று கதிரையில் உட்கார்ந்தாள். அவள் ஒரு பக்கம் வாசிக்க எடுக்கிற நேரத்தில் நான் இரண்டு முறை குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். பதினோராம் பக்கத்தில் அவளுடைய விரல் நின்றது.

"இஞ்ச வா புள்ள. 'அண்டைக்கு அடி வாங்க வேண்டியது நான்தான், அக்கா இல்ல' எண்டு சொல்லியிருக்காய். அதுக்குக் கிட்ட 'சிரிக்கிறார்' எண்டு போட்டுக் கிடக்கு. அதில நீ சிரிச்சியா?"

"இல்லக்கா."

"அப்ப பிழையெல்லா? இந்தா பேனை. வெட்டிப்போட்டுச் சரியா எழுது."

வெட்டிவிட்டு எழுதினேன். '(அழுகிறார்)' என்ற எழுத்துகளை அவள் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் கையெழுத்தை எழுத்தெழுத்தாக, ஆறுதலாகப் போட்டாள்.

"அக்கா, அந்தச் சோதனை..."

"ஓ, பெரிய சோதனை!" என்று தாள்களை அடுக்கினாள். "எழுதியிருந்தாலும் நான் கணக்கில பெயில்தான் விட்டிருப்பன். பஸ்ஸுக்கு நேரமாகுது, எழும்பு."

நாங்கள் ஒதுங்கிய அந்தப் பள்ளிக்கூடத்துச் சிமெந்து நிலத்தில், சுடுவதற்கு முன்னால், அதே கஜுக்கொட்டைகளைக் குவியல் குவியலாகப் பிரித்து வைத்து எனக்குப் பின்னமும் வீதமும் விளங்க வைத்தவள் அக்கா. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இன்றைக்கும் அப்படித்தான் படிப்பிக்கிறேன். கணக்கில் பெயில் விட்டிருப்பாளாம். என் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பொய்யை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

"ஓமக்கா, பெயில்தான்" என்றேன்.

பஸ் வந்தது. இன்றைக்காவது ஜன்னல் பக்கத்தை எனக்குத் தருவாள் என்று நினைத்து ஒரு கணம் ஒதுங்கி நின்றேன். அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னலோரம் இருந்தாள். தாள்கள் இருந்த என் கைப்பையை வாங்கி, ஓட்டமாவடிப் பாலம் தாண்டும்வரையும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.