கூலாய் ரயிலடியில் நான் கூவிய வார்த்தை

ரப்பர் விலை விழுந்து, மலாயாத் தோட்டத்தில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். புதிதாய்த் தொடங்கும் வடை வியாபாரமும் நடக்காவிட்டால் குடும்பத்தோடு ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். எனக்கோ நாலு பேர் முன்னால் பேச்சே வராது. சூடு என்பதற்கு மலாய் மொழியில் ‘பானாஸ்’ என்று மனப்பாடம் செய்துகொண்டு கூலாய் ரயிலடிக்குப் போனேன். வண்டி வந்ததும் பதற்றத்தில், “வடை, ஹாபிஸ்! ஹாபிஸ்!” என்று கத்திவிட்டேன்.

சன்னலோரம் இருந்த தமிழ்ப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். “அண்ணே, ஹாபிஸ்னா தீந்துபோச்சுன்னு அர்த்தம்! தட்டு நெறைய வச்சுக்கிட்டு யார வெரட்டுறீங்க?”

பெட்டியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப நீங்களே தீத்து வைங்க தங்கச்சி!” என்றேன். சன்னலுக்குச் சன்னல் கைகள் நீண்டன.

சிரிப்பார்களே என்று நாற்பது வயதுவரை ஒதுங்கியே இருந்தவன் நான். சிரித்தவர்கள்தான் வாங்கினார்கள். அடுத்த வண்டி வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.