பொட்டுக்குக் கீழே எரிந்த விளக்கு

ஜனவரி இருபத்து மூன்று, வெள்ளிக்கிழமை, காலை ஐந்து ஐம்பது. சித்தூரில் எதிர்வீட்டு வாசல் தெரியாத அளவுக்குப் பனி. என் மனைவியின் தம்பி தன் வாடகைக் காரைக் கிளப்பினான். என்ஜின் ஒருமுறை உதறி, பிறகு சீராக ஓடியது. பின் இருக்கையில் மனைவி சால்வைக்குள் சாய்ந்திருந்தாள். வாரத்தில் மூன்று நாள் திருப்பதியில் அவளுக்கு டயாலிசிஸ். எங்களுக்கு வாய்த்த நேரம் காலை எட்டு மணி. அரை மணி தாமதித்தாலும் படுக்கை வேறொருவருக்குப் போய்விடும். எழுபது கிலோமீட்டர் தூரம். பதினான்கு மாதங்களில் மச்சான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. பெட்ரோல் காசுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கமாட்டான்.

வண்டி உதறுகிறதென்று முந்தைய நாள் மாலைதான் மெக்கானிக்கிடம் காட்டியிருந்தோம். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகியதும் பி0301 என்று வந்தது. முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அதற்குப் பொருள். “இவ்ளோ நாளா என்ஜின் லைட் எரியலியா சார்?” என்று கேட்டான். இல்லை என்றோம். குனிந்து மீட்டர் கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“எரிஞ்சிக்கினுதான் இருக்குது. நீங்க அதும்மேல சந்தனம் அப்பி குங்குமம் வெச்சிகிறீங்க.”

ஆயுத பூஜைக்கு மச்சான் வைத்த பொட்டு. கட்டியாக உலர்ந்து விளக்கை முழுக்க மூடியிருந்தது. மெக்கானிக் துணியை எடுத்ததும் மச்சான் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “அக்காவுக்காக வேண்டிக்கினு வெச்சது. தானா உதிரட்டும்.”

“சாமி லைட்ட மறைக்கச் சொல்லிச்சா?” என்றான் மெக்கானிக். மச்சான் கையை விடவில்லை.

சிலிண்டருக்குத் தீப்பொறி கொடுக்கும் ‘இக்னிஷன் காயில்’ கெட்டிருந்தது. புதியது சென்னையிலிருந்து சனிக்கிழமைதான் வரும். வேறொரு வண்டியில் கழற்றிய பழையதை மாட்டி, பதிவாகியிருந்த குறியீட்டை அழித்துவிட்டு மெக்கானிக் சொன்னான்: “இத நம்பாதீங்க. லைட் மினுக்கினா உடனே நிறுத்திடுங்க. எரியாத பெட்ரோலு சைலன்சர் பக்கம் போயி அங்க எரியும். அடியில இரும்பு செவந்துடும்.”

பாகாலையைத் தாண்டும்போது வண்டி மறுபடி உதறத் தொடங்கியது. வெளிச்சம் இன்னும் வரவில்லை. பொட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஒன்று தெரிந்து தெரிந்து மறைந்தது.

“மச்சான், மினுக்குது.”

“தெரியுது மாமா.”

“நிறுத்துப்பா.”

“நிறுத்தினா இந்தப் பனியில எந்த வண்டி நமக்காக நிக்கும்? அக்காவத் தோள்ல தூக்கிக்கினு போவீங்களா?”

மனைவி கண்ணைத் திறக்காமலே, “அவன் ஓட்டட்டும், நீங்க சும்மா வாங்க” என்றாள்.

வேகம் எடுக்காத வண்டியை லாரிகள் பின்னாலிருந்து மோதிவிடும் என்று அவன் நெடுஞ்சாலையை விட்டு ஊர்ப்பாதையில் இறங்கினான். அங்கே கொள்ளுச் செடியைப் பிடுங்கித் தார்மேல் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகளின் சக்கரமே கொள்ளை உதிர்த்துக் கொடுத்துவிடும். எங்கள் பக்கம் தை மாதத்தில் இது வழக்கம். அதன்மேல் எத்தனையோ முறை போயிருக்கிறோம். அன்றும் சரசரவென்று ஏறினோம். காய்ந்த கொடி அடியில் சுற்றிக்கொண்டு கூடவே இழுபட்டு வந்தது.

“யாரோ கொள்ளு வறுக்கறாங்க” என்றாள் மனைவி.

அவள் சொல்லி முடிப்பதற்குள் என் பாதத்தில் சூடு ஏறியது. மச்சான் வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறந்து அவளை அப்படியே வாரி வெளியே எடுத்தான். நான் இறங்கித் திரும்பியபோது முன்சக்கரங்களுக்கு நடுவே தீ நின்றது. குடத்தில் தண்ணீரோடு ஓடிவந்தவர்கள் அனலில் நெருங்க முடியாமல் தள்ளியே நின்றார்கள். ஒரு பால் வேன் எங்களை ஏற்றிக்கொண்டது. மச்சான் வரவில்லை. எரிகிற வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஒன்பது இருபதுக்குப் போய்ச் சேர்ந்தோம். படுக்கை போய்விட்டது. மாலைவரை அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டு காத்திருந்தாள், பிழைத்தாள். காருக்கு இருந்த காப்பீடு அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமே. வண்டி இல்லாமல் அவனுக்குப் பிழைப்பு இல்லை. அவளுக்குத் திருப்பதி இல்லை. “அவனுக்கு ஒரு வண்டி வாங்கிக் குடுங்க” என்று அவள்தான் சொன்னாள். எந்தப் பணத்தில் என்று நான் கேட்கவில்லை. இப்போதும் வாரத்தில் மூன்று நாள் போகிறோம், அவனுக்கு வாங்கிக் கொடுத்த வண்டியில். அவளுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைக்க வங்கியில் போட்டிருந்தது முழுவதும் அந்த வண்டிக்கே போயிற்று: ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்.