வலப்பக்கம் சொருகிய முந்தானை

பிரின்சிபால் அம்மாவின் அறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, பித்தளைக் கைவிளக்கோடு என் தோழி நின்றாள். தலையில் முக்காடு. முந்தானை வலத்தோள் வழியாக முன்னுக்கு வந்து இடுப்பின் வலப்பக்கம் இறுக்கிச் சொருகப்பட்டிருந்தது. மேசையிலிருந்த காகிதங்கள் எல்லாம் கிளம்பி அறைக்குள் உலா வந்தன. பிரின்சிபால் அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்ப்பதுபோல் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தார். காகிதங்களைப் பொறுக்குவதா, தோழியைப் பார்ப்பதா என்று தெரியாமல் நான் கதவோரம் நின்றேன்.

அறுபதுகளின் நடுவில், கடலூரில் பெண்கள் கல்லூரி ஒன்றில் நாங்கள் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தோம். நான் சிதம்பரத்தில் ரயிலேறுவேன். அவள் பரங்கிப்பேட்டையில் ஏறுவாள். ஜன்னலோரத்தில் அவளுக்காக என் புத்தகப் பையை உட்கார வைத்திருப்பேன். அந்தப் பையை எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள், நான் எடுத்ததில்லை. அவளுடைய வாப்பா பினாங்கில் கடை வைத்திருந்தார். இங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பு அவளுடைய மாமாதான். படிக்க அனுப்ப மாட்டேன் என்று அழுத உம்மாவிடம், "முக்காடு எறங்காது, அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி அவளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டவர் அவர். மூன்று வருடமும் அந்த முக்காட்டோடுதான் அவள் சரித்திர வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

கேள்வி வந்தது விளக்கு நாளை ஒட்டித்தான். வருடக் கடைசியில் கல்லூரியில் ஒரு சடங்கு உண்டு. விடைபெறும் மாணவிகள் கையில் விளக்கோடு மைதானத்தில் வரிசையாக நடந்து வந்து, அடுத்த வகுப்புப் பெண்களிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாங்குகிறவர்களுக்கு எந்த நிறமும் சரி. கொடுக்கிறவர்கள் எல்லோருக்கும் அரக்குக் கரை போட்ட வெள்ளைப் பருத்திப் புடவை, ஒரே கடை, ஒரே விலை. பட்டு கூடாது, கல் வைத்த நகை கூடாது. "அன்னிக்கு ஒருத்திகூடத் தனியாத் தெரியக் கூடாதும்மா" என்பார் பிரின்சிபால் அம்மா. பண்ணையார் மகளும் ரயில்வே போர்ட்டர் மகளும் ஒரே மாதிரி நடந்து வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் எங்களுக்கு முந்தி எப்போதோ ஒருத்தியின் முந்தானையில் தீப்பற்றி, நல்ல வேளையாக அணைத்திருக்கிறார்கள். அதிலிருந்து முந்தானையை மடித்துத் தோளில் ஊக்குக் குத்தி, நுனியை இடுப்பில் செருகியே ஆக வேண்டும் என்று விதி. ஊக்குக் குத்திய முந்தானை தலைக்கு எப்படி வரும்?

வகுப்பில் முதலாவதாக வந்தவள் வரிசையின் முதலில் நடக்க வேண்டும். அது அவள்தான். மாமா பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். சிதம்பரத்தில் எம்.ஏ. படிக்க வேண்டும் என்று அவளுக்கு உயிர். அந்தப் பேச்சை மாமாவிடம் அவள் இன்னும் எடுக்கவே இல்லை. ஊர் பார்க்க, உம்மாவுக்கு அவர் கொடுத்த வாக்கை மைதானத்தில் உடைத்துவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு கேட்பது? "நான் வர்லடி. காய்ச்சல்னு சொல்லிடு" என்றாள் ரயிலில். நான் திட்டினேன். ஆலப்பாக்கம் ஸ்டேஷன் தாண்டியது. பிறகு, "சரி, உன் டிபன் டப்பா மூடியக் குடு" என்றாள். அதை விளக்காகப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் காற்றுக்கு எதிரே எழுந்து நின்று, முந்தானையை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தாள். பெட்டியில் இருந்தவர்கள் நாங்கள் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறோம் என்று நினைத்திருப்பார்கள். அந்த வாரம் முழுக்க என் டிபன் டப்பா மூடியில்லாமல் கிடந்து, தயிர்சாதம் பையெல்லாம் கொட்டியது.

அப்படிக் கண்டுபிடித்ததுதான் அந்த வலப்பக்கச் சொருகல். தொங்குகிற நுனியே அதில் கிடையாது. நேரே பிரின்சிபால் அம்மாவிடம் போய், "மேடம், தீப்புடிக்கக் கூடாது, அவ்ளோதான? நீங்களே பாருங்க" என்றாள். அவர் எழுந்து போய் மின்விசிறியை முழு வேகத்தில் திருகினார். விளக்கு இரண்டு துள்ளு துள்ளி அணைந்தது. முந்தானை அசையவில்லை. அவர் மின்விசிறியை நிறுத்தினார். "வெளக்கு அணஞ்சிடுச்சு. முந்தானை நிக்குது. ஆனா நீ மட்டும் தனியாத் தெரிவியேம்மா. பரவால்லயா?" என்றார். "பரவால்ல மேடம்" என்றாள் அவள்.

விளக்கு நாள் சாயங்காலம் கடல் காற்று நன்றாகவே வீசியது. அவளுக்குப் பின்னால் நான் நடந்தேன். பெற்றோர் வரிசையில், "அந்தப் பொண்ணு மட்டும் ஏன் அப்படி வருது?" என்று ஒரு அம்மாள் கேட்டது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. எல்லாக் கண்ணும் அவள் மேல்தான். அவள் தலை நிமிர்த்தி நடந்தாள். என் விளக்கு பாதி வழியிலேயே அணைந்துபோய், அவளுடையதில் பற்ற வைத்துக்கொண்டேன். எதிரே நின்ற சின்னப் பெண்ணின் கையில் அவள் விளக்கைக் கொடுத்தபோது, அந்தப் பெண் விளக்கைப் பார்க்காமல் அவளையே வாய் பிளந்து பார்த்தாள். திரும்பும் ரயிலில் மாமா எங்கள் எதிரே உட்கார்ந்து வந்தார். பரங்கிப்பேட்டை வரப்போகிற நேரத்தில், அவள் கேட்காமலே அவராகச் சொன்னார். "சிதம்பரத்துல எம்.ஏ.வுக்கு எப்பச் சேக்கறாங்க? விசாரிச்சு வையி." அந்த வருடத்திலிருந்து அவளுடைய ரயில் எதிர்ப்பக்கம் ஓடியது. படித்து முடித்து, கல்யாணமாகி, அவளும் பினாங்குக்குப் போய்விட்டாள்.

போன வருடம் என் தம்பியின் பேத்தி அதே கல்லூரியில் இறுதியாண்டு. விளக்கு நாளுக்கு என்னைப் பிடிவாதமாக அழைத்துப் போனாள். முழங்கால் வலியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைப் புடவைகள் வரிசையாக வந்தன. ஒருத்தி விடாமல் எல்லோர் தலையிலும் முக்காடு. எல்லா முந்தானையும் வலத்தோள் வழியாக வந்து வலப்பக்க இடுப்பில். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த இளம் விரிவுரையாளரிடம், ஏன் இப்படி என்று கேட்டேன். "இது இங்க ஆரம்பத்துலேர்ந்து இருக்கற வழக்கம் மேடம். வெளக்குக்கு மரியாதை" என்றாள். அன்று வாய் பிளந்து பார்த்த சின்னப் பெண், கொடுக்கிறவர்கள் இப்படித்தான் வர வேண்டும் போலிருக்கிறது என்று மறு வருடம் தானும் போட்டுக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்து அடுத்தவள். இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். என் தம்பி பேத்திக்கு முன்னால் ஒரு பெண் நடந்தாள். அவளும் என் தோழி மாதிரி எப்போதும் முக்காடு போடுகிற பரங்கிப்பேட்டைப் பெண் என்று பிறகு சாப்பிடும்போதுதான் தெரிந்தது. வரிசையில் அவளை யாரும் தனியாகப் பார்க்கவில்லை. பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்ததும் பினாங்குக்குப் போன் போட்டேன். சொல்லச் சொல்ல அவள் சிரித்தாள். "ஜாஸ்தி சிரிக்க வெக்காதடி, மூச்சு வாங்குது" என்றாள். பிறகு, "எந்தப் பக்கம் சொருவுறாங்க?" என்று கேட்டாள்.

"வலப்பக்கந்தான்."

அவளுக்கு இன்னொரு கேள்வி இருந்தது.

"அந்தப் பரங்கிப்பேட்டப் புள்ளய ரூமுக்குக் கூப்புட்டு ஃபேன் போட்டுப் பாத்தாங்களா?"

"இல்லடி. யாரும் ஒண்ணும் கேக்கல."

"அப்ப சரி" என்றாள்.