முப்பத்தொன்றாம் தொட்டித் தும்பி

ஆய்வுக்கூடத்தில் அவருடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளிக்கே தெரியாது. தும்பிக்காரர் என்றால் கையை நீட்டி வழி காட்டுவார். சீசா கழுவும் வேலைக்கு வந்த மனிதர். கை நடுங்காது, குறிப்பு பிசகாது என்று கண்டுகொண்ட ஆய்வுத் தலைவி மேடம் அவரைப் பூச்சிகளிடம் ஒப்படைத்துவிட்டார். அதற்கு ஆயிற்று பதினோரு வருடம்.

இறக்கை முளைக்கும்வரை தும்பி தண்ணீருக்குள்தான் கிடக்கும். அசையாத இரையை அது சீந்தாது. ஆகவே ஒவ்வொரு குஞ்சின் மூக்கடியிலும் இடுக்கியால் ஒரு செம்புழுவை ஆட்டிக் காட்ட வேண்டும். தொண்ணூறு குஞ்சுகள், தொண்ணூறு ஆட்டல். ஞாயிற்றுக்கிழமை என்று எந்தக் குஞ்சும் விடுப்பு எடுத்ததில்லை, அவரும் எடுத்ததில்லை.

தொட்டிகள் மூன்று. ஒன்றில் நாம் இழுக்கும் சாதாரணக் காற்று, நூற்றுக்கு இருபத்தொரு பங்கு ஆக்சிஜன். ஒன்றில் பன்னிரண்டு பங்கு. இன்னொன்றில் முப்பத்தொன்று. அந்த எண்களே தொட்டிகளுக்குப் பெயர்.

அவர் மனைவி ஏழு மணி நேரப் பஸ் தூரத்தில், மலைமேல் ஓர் ஊரில் ஆசிரியை. ஆறு வருடமாக மாதம் ஒருமுறை வருவதும் போவதும்தான் குடித்தனம். இந்தச் சனிக்கிழமை ஒரு கடிதத்தோடு வந்திருந்தாள். கேட்டால் இந்த ஊருக்கே மாற்றல் உண்டு. வேண்டாமென்றால் அங்கேயே தலைமை ஆசிரியை ஆகலாம். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவர் இரண்டு தடவை படித்து, இருந்த மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தார்.

"என்னங்க, ஒண்ணும் சொல்லலையே?"

"உன் இஷ்டம்மா."

வந்துவிடு என்பதுதான் தொண்டைவரை வந்தது. இத்தனை வருடம் உழைத்து எட்டிய நாற்காலியை எனக்காக விட்டுவிடு என்று எந்த வாயால் கேட்பது?

மறுநாள் காலை இரை போடக் கிளம்பியபோது, என்றுமில்லாமல் அவளும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இதுதானா என் சக்களத்தி வீடு?" என்று தொட்டிகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "இதுல எல்லாம் குட்டிக் குட்டியா இருக்கே?"

"அது பன்னெண்டு. காத்து போதல. இந்தப் பக்கம் பாரு, முப்பத்தொண்ணு. பூச்சிக்கு நுரையீரல் கிடையாது. உடம்பு பூரா மெல்லிசா குழாய், அது வழியாத்தான் காத்து போவும். உடம்பு பெருத்தா குழாய்க்கே எடம் பத்தாது. காத்து செழிப்பா இருந்தா கொஞ்சம் குழாயே போதும், வளரலாம். முப்பது கோடி வருஷத்துக்கு முந்தி காத்து இப்படித்தான் இருந்துச்சுங்கறாங்க. அப்ப இதோட தூரத்துப் பங்காளி ஒண்ணு, றெக்கைய விரிச்சா ரெண்டடிக்கு மேல."

"ரெண்டடியா! கொடிக் கயித்துல உக்காந்தா துணியெல்லாம் தரையில."

அவர் சிரித்தார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பாவி மனுஷா, நீங்க எந்தத் தொட்டில இருக்கீங்க? சட்டை தொளதொளங்குது."

பதில் சொல்வதற்குள் முப்பத்தொன்றில் ஒரு குஞ்சு குச்சியைப் பற்றி நீரைவிட்டு மேலே ஏறியது. நான்கு நாளாக இரையைத் தொடாமல் இருந்தது. இன்றோ நாளையோ என்று அவர் காத்திருந்ததுதான். எட்டே முக்காலுக்கு அதன் முதுகில் தோல் வெடித்தது. வெளிர்பச்சையாய் ஒரு தலை வெளியே வந்து, பின்பக்கமாகச் சாய்ந்து, தலைகீழாய்த் தொங்கி அப்படியே நின்றுவிட்டது. அவள் தொட்டிக் கண்ணாடியில் மூக்கு அழுந்தக் குனிந்திருந்தாள். ஒன்பதரைக்கு அவளுக்குப் பஸ்.

"றெக்கை விரிக்க எவ்வளவு நேரம் ஆகுங்க?"

கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரம்," என்றார். அத்தோடு நின்றிருக்கலாம். "பத்து நிமிஷம் கூடக் கொறைய."

அவள் நிமிர்ந்து பையை எடுத்தாள். "அப்ப நான் கெளம்பறேன். நீங்க வர வேணாம், நேரம் குறிக்கணுமில்ல? பாருங்க உங்க பிள்ளைய."

பிள்ளை என்றதில் கேலி கொஞ்சம்தான் இருந்தது.

நடையில் அவள் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. அவள் கேட்டது தும்பியின் நேரமே இல்லை. இதோ ஆயிடும், இருந்து பாரு என்று சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸுக்கு இருந்திருப்பாள். பதினோரு வருடமாக நிமிஷக் கணக்காய்ப் பதில் சொல்லிப் பழகிய நாக்கு இப்போதும் நிமிஷத்தையே சொல்லித் தொலைத்தது.

பத்தே ஐம்பதுக்கு இறக்கைகள் முழுக்க விரிந்தன, ஈரம் பட்ட கண்ணாடித்தாள் போல. முறையான அளவை மேடம் நாளை எடுப்பார். தும்பிக்காரர் தொட்டிக்கு வெளியே அளவுகோலை வைத்துப் பார்த்தார். குறிப்பேட்டில் எழுதினார். போனை எடுத்தார்.

"விரிச்சிருச்சும்மா. இருபத்தொண்ணுல வந்ததைவிட ஏழு மில்லிமீட்டர் பெருசு."

பஸ் இரைந்தது. "இதைச் சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?"

"இல்ல." அவர் குறிப்பேட்டை மூடினார். "நீ இங்க வந்துடு. உன் நாற்காலி பெருசுதான், தெரியும். இருந்தாலும் வந்துடு."

அந்தப் பக்கம் பஸ்ஸின் ஹாரன் அலறியது.

"கேட்டுதா?"

"கேட்டுச்சு," என்றாள். "மொத மலை ஏற ஆரம்பிச்சாச்சு, சிக்னல் போயிடும். அதுக்குள்ள இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சொன்னார்.